முறைச்ச மூஞ்சி

"அந்தப் பையன் வேணாங்க. மூஞ்சியப் பாத்தீங்கல்ல? பொண்ணு பாக்க வந்தவனாட்டமா இருந்தான்? போலீஸ்காரனாட்டம் முறைச்சிக்கிட்டு!"

ரோசம்மாள் ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

புருசன் கஸ்பார் இழுத்தான். "பொம்மிடி பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. தங்கமான பையன்னு சர்ச்சு சாமியாரே சொன்னாரே…"

"சாமியாருக்கென்ன, கட்டிக் குடுக்கப் பொண்ணா இருக்குது?"

"பாக்கியமேரிய ஒரு வார்த்த கேளு."

"கேட்டேன். ஆளையே சரியாப் பாக்கலங்கறா. நான்தான் பாத்தனே, போதும். அந்தக் கோவக்காரங்கிட்ட எம் பொண்ணு மாட்டிக்கிட்டு முழிக்கறதா?"

கஸ்பார் தபால் கார்டு எழுதிக் கொடுத்துவிட்டான். 'இந்தச் சம்பந்தம் வேண்டாம்.'

மறுநாள் சேலத்துத் தங்கச்சி வூட்டுக்குப் போக ரோசம்மாள் பொம்மிடி ஸ்டேஷனுக்கு வந்தாள். கார்டு கையில் இருந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில், கண்ணாடி போட்ட ஒருத்தன், பட்டாளத்திலிருந்து வந்த கடுதாசியை ஒரு பொம்பளைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"'நீ குடுத்தனுப்புன ஊறுகாய ஆபீசருங்களே நக்கித் தீத்துட்டாங்க ஆத்தா'ன்னு எழுதியிருக்கான் உங்க மவன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்படி ஒரு சாந்தமான முகம்! நம்ம பொண்ணுக்கு இப்படி ஒண்ணு வாய்க்கலையே என்று ரோசம்மாள் ஏங்கினாள்.

"தம்பி யாரூட்டுப் புள்ளைங்க?"

"இங்கதாங்க, வாத்தியாரா இருக்கறேன். பேரு அல்போன்சுங்க."

ரோசம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தது…?"

அவன் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினான். கண் இடுங்கி, புருவம் நெறிந்து… அதே முறைப்பு!

"கண்ணாடி போட்ட மாப்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு எங்கப்பா புடுங்கிப் பையில போட்டுக்கிட்டாருங்க. கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தும் பொண்ணு எது, தூணு எதுன்னே தெரியலீங்க."

ரோசம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எம் பொண்ண நீங்க பாக்கவே இல்லியா?"

"எங்கம்மா பாத்தாங்க." தயங்கினான். "பொண்ணு முறைச்சிக்கிட்டே இருந்துச்சாம். ராங்கிக்காரி, வேணாங்கறாங்க."

"எம் பொண்ணா? வாயில்லாப் பூச்சிங்க அவ! அவளப் போயி…" என்று எகிறியவள் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. கார்டை நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிக்கிட்டு இன்னொருக்கா வாங்க தம்பி. கண்ணாடியோட வாங்க."

வூட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"பாக்கியம், அவங்க மறுபடியும் வர்றாங்க. போன தரம் நான் புடுங்கி அரிசிப் பானையில ஒளிச்சு வெச்சனே உன் கண்ணாடி, இந்தத் தரம் அதப் போட்டுக்கிட்டே வந்து நில்லு சாமி."