அஸ்லமின் கண்ணாடி

கிரகணம் வெறும் நிழல், யாரையும் ஒன்றும் செய்யாது என்று காலையில் பாடம் நடத்திய கோமதி டீச்சர், அது தொடங்கியதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வகுப்பறைக்குள்ளேயே நின்றுகொண்டாள். ஆறு மாத வயிறு. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. வெளியே தலைகாட்டக் கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருந்தாள். போதாததற்கு, நேற்றிலிருந்து வயிற்றுக்குள் அசைவே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நிழல்தானே டீச்சர், நீங்க ஏன் வரல?" என்றாள் வாசலில் நின்ற இசைவாணி.

"சூரியனை நேரா பார்க்காதீங்க. கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்புங்க, சுவர்ல தெரியும்."

காகிதம் ஒட்டி நடுவில் துளை விட்ட முகம் பார்க்கும் கண்ணாடியை வெளியே நின்ற அஸ்லம் வாசல் பக்கம் திருப்பினான். கடித்த அப்பளம்போல ஒரு சூரியன் இருட்டுச் சுவரில் விழுந்து, வழுக்கிக்கொண்டு வந்து அவள் வயிற்றில் நின்றது. அவள் பதறி விலகப் பார்த்தாள்.

"அசையாதீங்க டீச்சர், சூப்பரா தெரியுது!"

அப்போது சேலையின்மேல் சூரியன் துள்ளியது.

"டேய், ஏன்டா ஆட்டுற?" என்றாள் இசைவாணி.

"போடி, நான் எங்க ஆட்டினேன்?"

உள்ளே ஏதாவது புரண்டதா, தன் கால்தான் நடுங்கியதா, பையன் பொய் சொல்கிறானா? கோமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அஸ்லம், அதைச் செங்கல்மேல சாய்ச்சு வச்சிட்டுக் கையை எடு."

அவன் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான். சூரியன் விலகிப்போய்ச் சுவரில் நின்றது. கோமதி தானே நகர்ந்துபோய் அதன் எதிரே வயிற்றைக் காட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.