சுஜூதிலிருந்து எழும்பும்வரை

வாவிப் பக்க யன்னலால் வரும் காற்று, அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் விழுந்த தொழுகைப் பாயின் குஞ்சத்தை அசைக்கிறது. முன்னால் தொழுவிக்கும் ஜவாஹிர் சுஜூதில் இருக்கிறார். பின்னால் மனைவி பரீனாவும் நெற்றியைப் பாயில் வைத்திருக்கிறாள். அவர் தக்பீர் சொல்லி எழும்பாமல் அவள் தலை தூக்க முடியாது, பேசவும் முடியாது. மத்தியானம் லுஹருக்குப் பள்ளிவாசலில் எழும்பும்போது தலைசுற்றிப் பக்கத்தவரின் தோளைப் பிடித்தவர். அதனால்தான் இன்று அஸர் வீட்டில். சீனி வருத்தத்துக்கான புதுக் குளிசை பிரசரையும் இறக்கும், சட்டென்று எழும்பினால் தலைக்கு இரத்தம் ஏறச் சுணங்கும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். "கதிரையில இருந்து தொழுங்களேன்" என்று கெஞ்சினாள். "அது கிழடுகளுக்குப் புள்ள" என்று சிரித்துவிட்டார். இப்போது தக்பீரைக் காணோம். மின்விசிறி கிறீச்சிடுகிறது. தெருவில் மீன்காரனின் ஹோர்ன் தேய்ந்து போகிறது. அவர் மூச்சு கேட்கிறதா? காதைத் தீட்டுகிறாள், தன் நெஞ்சுதான் அடிக்கிறது. "அல்லாஹு அக்பர்." குரல் ஆறுதலாக, நீளமாக, எழும்பும் முதுகோடு சேர்ந்தே ஏறுகிறது.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். "டொக்டர்தானே மெதுவா எழும்பச் சொன்ன?"

"ஓம். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கதிரை போடுறன்" என்கிறாள். "உங்களுக்கில்ல, எனக்கு."