ஒரு விரற்கடை

"எபி, கையை எடு. சம்பந்தி பாக்கட்டும்," என்றார் முதலாளி, பின்சீட்டிலிருந்து. டிரைவர் எபனேசர் ஸ்டீயரிங்கை விட்டான். புதுக் கார் நான்குவழிச் சாலையில் தானாகவே போனது. சற்று நேரத்தில், கையை வைக்கச் சொல்லிக் கீச்சிட்டது. வைத்தான்.

"எடுங்கிறேன்ல. ஷோரூம்காரனே ரெண்டு கையையும் விட்டுத்தானே ஓட்டிக் காமிச்சான்."

எடுத்தான். முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியும் சிரித்தார்கள். மறுபடி கீச்சிட்டது. கடைசியில் அவன் கைகள் ஸ்டீயரிங்குக்கு ஒரு விரற்கடை மேலே, முதலாளிக்கும் காருக்கும் பொதுவாக, அந்தரத்தில் நின்றன.

அப்போது வைக்கோல் லாரியொன்று முன்னால் குறுக்கே திரும்பியது. இத்தனை வருடம் யாரையும் கேட்காமலே பிரேக்கை மிதித்த கால், இன்று உத்தரவுக்குக் காத்திருந்தது. பின்சீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. கார் கீச்சிடவில்லை. எடு என்றோ வை என்றோ இப்போது யாரும் சொல்லவில்லை.