முகமில்லாத படம்

கம்பத்துக் கடைவீதியைக் கல்லில் வரைந்து அச்சடித்திருந்த அந்தப் படத்தில் யாருக்கும் முகமே இல்லை. ஆனாலும் மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று ஜிலேபி தின்கிற தொப்பையும் பச்சைக் குடையும் தன்னுடையவைதான் என்பது கலீல் ரஹ்மானுக்குப் புரிந்துவிட்டது.

சர்க்கரை ஏறியதால் அவரும் மனைவி சாபிராவும் சேர்ந்து இனிப்பை விட்டு ஆறு மாதம். அவள் பார்த்தால் தொலைந்தார்.

"இதை எனக்கே குடுத்திரும்மா. வேற யாரும் பாக்க வேணாம்."

"பத்து அடிச்சேண்ணே. இது ஒண்ணுதான் மிச்சம்," என்றார் படம் வரைந்த ஜாய்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஒளித்துவைக்கப் பரணில் ஏறினார். அங்கே பாய்க்கு அடியில் அதே படம்.

இரண்டையும் கையில் பிடித்தபடி இறங்கியவர் வாய் திறக்குமுன், சாபிரா தலைகுனிந்தாள்.

"மணிக்கூண்டுக்குப் பின்னால நின்னு ஜிலேபி தின்னது நான்தான்னு உங்களுக்கு யாரு சொன்னாக?"