கோதுமைத் தட்டு

தட்டின் மூடியைத் திறந்ததும் ஆசிரியர் சில்வியு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவித்த கோதுமை, வால்நட், மேலே சர்க்கரைத் தூளில் ஒரு சிலுவை. கொலிவா! செத்தவர் பேரைச் சொல்லி இழவு வீட்டில் கொடுப்பது.

"ச்சீ! இதை யாரு இங்க வெச்சது?"

போர்ச்சுகல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் விருந்தாளிகளாக வரும் நேரம். மேசை முழுக்க மூன்றாம் வகுப்பின் கைவேலை. சாயம் பூசிய முட்டைகள், களிமண் சேவல்கள், பூத்தையல் போட்ட சட்டைகள். நடுவில் இந்தக் கருமம்.

முன் பெஞ்சிலிருந்து ஒதிலியா எழுந்தாள். "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சது சார்."

"நம்ம ஊர்ப் பண்டம் கொண்டாங்கன்னா, எழவுச் சோறா கொண்டு வருவீங்க? விருந்தாளி வாயில வைப்பானா இதை?"

மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். பென்சில் சீவல் மேலும் ஆப்பிள் தோல் மேலும் கோதுமை கொட்டியது.



"அது விருந்தாளிக்கு இல்ல சார்." ஒதிலியா தொட்டியையே பார்த்தாள். "உங்க வீட்டு மிருனா அக்காவுக்கு. அவங்க செத்து இன்னிக்கு நாப்பதாம் நாளாம். நீங்க எதுவும் செய்ய மாட்டேன்னுட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. அக்கா பாவம்ல, அதான்..."

மனைவி மிருனாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பேரை அவர் வாயில் எடுத்ததில்லை.

சில்வியு தொட்டியருகே மண்டியிட்டார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

"மிருனா பேருக்கு," என்று சொல்லி, ஒட்டியிருந்த பென்சில் சீவலோடு வாயில் போட்டு மென்றார்.

பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள்.

"ச்சீ! குப்பை சார் அது!"