தண்ணீர் தயாராகவில்லை

மன்னார்குடியில் தன் வீட்டு மாடியில் அண்ணாதுரை மீன் தொட்டியும் அதன்மேல் கீரைத் தட்டுகளும் அமைத்திருந்தான். மீன் கழிவைக் கீரைக்கு உரமாக்கும் பாக்டீரியா முதலில் தண்ணீரில் பெருக வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன் விட முடியும்.

"மீன் விட்டதும் நான் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பிடுவேன்" என்று உதவிக்கு வந்திருந்த அவன் அம்மா தங்கம்மாள் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து அவன் மனைவி பூவிழி காலையில் எழுந்ததும், "என்னங்க, தண்ணி தயாராயிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஆயிடும்" என்பான். மறுநாள் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் பாக்டீரியா செத்திருக்கும். மறுபடி பாக்டீரியா கரைசல் வாங்கி ஊற்றினான். அதுவும் செத்தது.

"எங்கம்மாவை அனுப்ப உனக்கு அவ்வளவு அவசரமா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்துவிட்டுக் கடைக்குப் போனான்.

துணி எடுக்க மாடிக்குப் போன தங்கம்மாள், மருமகள் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் தூவுவதைப் பார்த்துவிட்டாள்.

பூவிழிக்கு முகம் வெளுத்தது. "தண்ணி தயாராகப் போகுதுன்னு அவரு சொன்னா கொஞ்சம் போட்டுடுவேன் அத்தை. நீங்க கிளம்பிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை யாரு? அவரு தண்ணியைத் தவிர எதைப் பத்தியும் பேசறதில்லை."

தங்கம்மாள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? காலையிலதான் நானும் ஒரு கை போட்டேன். ரெண்டு பேரும் போட்டா வாடையில கண்டுபிடிச்சிடுவான். இனிமே நீ விடு, நான் பாத்துக்கறேன்."