அறுபதாயிரம் பேருக்குப் பிடித்த கை

“அவ சேனலுக்கு அறுபதாயிரம் பேர். எனக்கு இருநூத்திப் பன்னண்டு. இதுக்கு என்ன சொல்றே?”

மாதங்கி போனை ஸ்னேகாவின் முன்னால் தள்ளினாள். பாலிகஞ்சில் மாதங்கி இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போன மாதம் குடிவந்தவள் ஸ்னேகா. கம்பெனிகளின் யூடியூப் சேனல்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. “என் சமையல் சேனலைக் கொஞ்சம் பாரேன். தேறாதுன்னா இன்னிக்கே மூடிடறேன்” என்று மாதங்கிதான் கூப்பிட்டிருந்தாள்.

ஸ்னேகா இரண்டு சேனல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆரே, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே மாமி! ரெண்டு பேருமே முகத்தைக் காட்டலை, கை மட்டும்தான். அவங்களும் இந்த ஊர் பொட்டோல் காய்ல கூட்டு பண்றாங்க, நீங்களும் பண்றீங்க.”

“நான் அவளைக் காப்பியடிக்கறேனாம். பாக்கறவாள்லாம் கமென்ட்ல எழுதியிருக்கா பாரு.”

“ஆனா அவங்க புது வீடியோ போட்டே ஒன்றரை வருஷம் ஆச்சே!”

“அதான் வயித்தெரிச்சல். நான் வாரம் தவறாம போடறேன். லைட் வாங்கினேன், ஸ்டாண்ட் வாங்கினேன். அவ ஒண்ணுமே பண்ணலை, கூட்டம் கலையலை.”

ஸ்னேகா ஒரு வீடியோவை ஓடவிட்டாள். கூட்டில் தேங்காய் விழுதைப் போடும்போது, “உப்பு போட்டாச்சா, இல்லே நேத்து மாதிரியா?” என்றது ஓர் ஆண்குரல். கையிலிருந்த கரண்டி ஆடும்படி அந்தப் பெண் சிரித்தாள். ஸ்னேகாவும் சிரித்துவிட்டாள்.

“நீயும் சிரிக்கறே பாரு! சமைக்கத் தெரியுமா அவளுக்கு? உப்பையே மறந்துடுவா. ஆத்துக்காரர் கேமராவைப் பிடிச்சுண்டு வம்பு பண்றார், இவ கெக்கெக்கேன்னு சிரிக்கறா. அதுக்கு அறுபதாயிரம் பேர்! என் கேமராவுக்குப் பின்னாடி யார் இருக்கா? ஸ்டாண்டுதான் இருக்கு.”

“பொறாமைப்படாதீங்க மாமி. அவங்க ஆடியன்ஸை நம்ம பக்கம் திருப்ப ஒரே வழிதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ போடுங்க. அவங்க எங்க இருக்காங்க?”

“பாலிகஞ்ச்லதான்.”

“இங்கேயேவா! நம்பர் குடுங்க, நான் பேசறேன்.”

மாதங்கி போனை வாங்கி, சிரித்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினாள்.

“யார்கிட்ட பேசுவே? அது நான்தான். அந்த சேனல் பாஸ்வேர்ட் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டார்.”